மூன்று தடவை கழுவியும் அடங்காத கார்பரேட்டர்: ஒரு வள்ளத்து எஞ்சினின் எரிபொருள் வழி

எஞ்சின் எங்கள் ஷெட்டுக்கு வந்தது ஆகஸ்ட் மாதம். 9.9 குதிரைத்திறன், டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊரில், ஃபைபர் வள்ளத்தில் மாட்டியிருந்தது. வாங்கி ஆறு வருடம் தாண்டியிருந்தாலும் கம்ப்ரஷன் குறையவில்லை. பிளக்கில் பொறி பளிச்சென்று வந்தது. கூலிங் தண்ணீரும் ஒழுங்காக வெளியே அடித்தது. இவ்வளவும் சரியாக இருந்து எஞ்சின் ஓட மறுத்தால் மீதி இருப்பது எரிபொருள்தான்.

உரிமையாளர் சொன்ன குறைகள் இவை. காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும், எஞ்சின் பிடிக்காது. பிடித்தாலும் பெட்ரோலில் ஓடும் அந்த முதல் சில நிமிடங்கள் திக்கித் திணறும். மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் தெளிந்துவிடும். அரை வேகத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் முழு வேகம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் இழுவை குறைந்து, ஏறி இறங்கி, கடைசியில் நின்றுவிடும். நின்றதைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி இழுத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். கடைசியாக நின்றபோது மறுபடி பிடிக்கவே இல்லை. பக்கத்து வள்ளத்துக்காரர்கள் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள்.

"மக்களே, கார்பரேட்டர மூணு தடவ கழுவியாச்சு. இனி அதுல கழுவ என்ன இருக்கு?" என்றார். எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்தான் கார்பரேட்டர். ஒவ்வொரு தடவையும் கழுவியபின் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடியிருக்கிறது. அதனால் கோளாறு கார்பரேட்டரில்தான் என்ற எண்ணம் அவருக்கும், கழுவியவருக்கும் பலப்பட்டுக்கொண்டே போயிருக்கிறது. எனக்கு அதே தகவல் வேறு மாதிரிப் பட்டது. கழுவினால் சரியாகி, மூன்றாம் நாள் மறுபடி அடைக்கிறது என்றால் அழுக்கு அங்கே உண்டாகவில்லை. எங்கிருந்தோ வந்து சேருகிறது. அனுப்புகிற இடத்தைத் தேடாமல் வந்து சேருகிற இடத்தையே கழுவிக்கொண்டிருந்தால் கூலி கொடுத்து மாளாது.

முன்கதையையும் கேட்டுக்கொண்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளங்களுக்குத் தடை கிடையாது. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த நாட்களில் அலையைத் தாண்டி வள்ளத்தை இறக்குவதே பெரும்பாடு. இவரும் ஜூன் பாதியிலேயே எஞ்சினைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் ஸ்டாண்டில் மாட்டிவிட்டார். மண்ணெண்ணெய் டேங்க் மட்டும் வள்ளத்திலேயே தார்ப்பாயின் அடியில் கிடந்தது. ஸ்டார்ட்டுக்கு வைத்திருக்கும் பெட்ரோல் கேன் வீட்டின் பின்புறம், கூரைத் தண்ணீர் விழும் ஓரத்தில். கோளாறு ஆரம்பித்தது ஆகஸ்டில் மறுபடி இறக்கிய முதல் நாளிலிருந்து.

எண்ணெய் நடக்கும் பாதை

இந்தச் சின்ன எஞ்சின்களில் எரிபொருள் போகும் வழி எளிது. ஆனால் தொழிலில் பல வருடம் இருப்பவர்கள்கூட அதை முழுசாக நினைத்துப் பார்ப்பதில்லை. டேங்கின் மூடியில் காற்று உள்ளே போக ஒரு திருகு இருக்கும். டேங்கின் அடிவரை இறங்கும் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் சின்ன வலை. அங்கிருந்து டியூப், நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்ப். பல்பின் இரு முனையிலும் ஒருவழி வால்வு இருப்பதால் எண்ணெய் எஞ்சின் பக்கம் மட்டுமே போகும். பல்பின் மேல் போட்டிருக்கும் அம்புக்குறி அதற்காகத்தான். அப்புறம் எஞ்சினில் மாட்டும் கனெக்டர், கண்ணாடி போன்ற கிண்ணத்துக்குள் ஒரு ஃபில்டர், கிரான்க் அறையின் அழுத்த ஏற்ற இறக்கத்தில் துடிக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு வைத்த பம்ப், கடைசியாகத்தான் கார்பரேட்டர். இவருடைய எஞ்சினில் பெட்ரோலுக்குத் தனிக் கேன்; இரண்டு டியூபும், எதிலிருந்து இழுப்பது என்று மாற்றிவிடும் ஒரு திருப்புக் காக்கில் வந்து சேரும்.

இரண்டு எரிபொருள் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் ஆவியாகிப் பற்றும். மண்ணெண்ணெய் 35 டிகிரியைத் தாண்டினால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அதனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்யில் பிடிக்காது. பெட்ரோலில் பிடித்துச் சூடானபின் மாற்ற வேண்டும். அதேபோல் கரைக்குத் திரும்பும்போது நிறுத்துவதற்குச் சற்று முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த நாள் காலை கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும், இழுத்ததும் பிடிக்கும். இந்தப் பழக்கத்தை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள். இந்த எஞ்சினின் பாதிக் கோளாறு அந்தச் சரியான பழக்கத்திலிருந்துதான் வந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கடலில் பார்த்தது

எஞ்சினை ஷெட்டில் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். இந்த மாதிரிக் கோளாறுக்கு அது உதவாது. டிரம்மில் புரொப்பெல்லருக்குச் சுமை இல்லை, எண்ணெய்யும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். முழு வேகத்தில், சுமையோடு, பத்து நிமிடம் கழித்து வரும் நோயை டிரம்மில் எப்படிப் பார்ப்பது? வள்ளத்தில் மாட்டி அவரோடு கிளம்பினேன்.

நான் எடுத்துப் போன கருவி எதுவும் இல்லை. பல்பே போதும். எஞ்சின் திணறத் தொடங்கும் நேரத்தில் பல்பைத் தொட்டுப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பல்ப் கல் மாதிரி இறுகியிருந்தும் எஞ்சின் பசியில் சாகிறது என்றால் அடைப்பு பல்பைத் தாண்டி எஞ்சின் பக்கம்: ஃபில்டர், பம்ப், கார்பரேட்டருக்குள் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் நீடில் இவற்றில் ஒன்று. பல்ப் தளர்ந்து, எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் இருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது வால்வு பழுது. பல்ப் ஒட்டிப்போய், அமுக்கியது மீளாமல் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம். எஞ்சின் இழுக்கிறது, டேங்க் கொடுக்கவில்லை.

முழு வேகத்தில் போனபோது பல்ப் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி, எஞ்சின் இறங்கும் நேரத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டது. டேங்க் மூடியின் காற்றுத் திருகைப் பார்த்தேன், முழுசாகத் திறந்தே இருந்தது. பலருக்கு இந்தக் கோளாறு அந்தத் திருகைத் திறக்க மறந்ததால் வருவதுதான். அது இல்லை என்றால் மீதம் இருப்பது உறிஞ்சு குழாயும், அதன் நுனி வலையும், பல்ப் வரை வரும் ஒரு முழம் டியூபும். கார்பரேட்டருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

"அப்போ இத்தன நாளும் சும்மா கழுவினதா?"

"சும்மா இல்லண்ணே. வந்த அழுக்கு போச்சு. வர்ற இடம் அப்படியே இருக்கு."

டேங்க்

கரைக்கு வந்து டேங்கின் உறிஞ்சு குழாயைக் கழற்றி வெளியே எடுத்தோம். நுனி வலையைச் சுற்றிக் கருப்பும் பழுப்புமாக ஒரு சளி. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்கியது, நடுவில் துருத் துகள் நறநறத்தது. டேங்கை ஒரு பக்கமாகச் சாய்த்து அடியில் இருப்பதை ஒரு வெள்ளை வாளியில் வடித்தோம். நல்ல மண்ணெண்ணெய்க்கு அடியில் ஒரு டம்ளருக்குக் குறையாத தண்ணீர், அதன் மேல் ஏடு மாதிரி அதே சளி.

இதைப் பார்த்ததும் எல்லாம் பொருந்திவிட்டது. அரை வேகத்தில் உறிஞ்சும் விசை குறைவு. சளி வலையை முழுசாக மூடாது, எண்ணெய் ஓரமாக நழுவிப் போய்விடும். முழு வேகத்தில் இழுப்பு கூடும்போது சளி வந்து வலையில் அப்பிக்கொள்கிறது. எஞ்சின் நின்றதும் இழுப்பு நிற்கிறது, வள்ளம் ஆடுகிற ஆட்டத்தில் சளி உதிர்ந்து அடியில் விழுகிறது. மறுபடி இழுத்தால் பிடிக்கிறது. வலையைத் தாண்டிப் போன பொடித் துகள்களும் நீர்த்துளிகளும் ஃபில்டரையும் கடந்து கார்பரேட்டரில் சேர்ந்திருக்கின்றன. கழுவினால் இரண்டு நாள் சுகம் கிடைத்ததன் காரணம் அதுதான்.

சளி எங்கிருந்து வந்தது? மண்ணெண்ணெய் தானாகச் சளி ஆகாது. அதற்குத் தண்ணீர் வேண்டும். மண்ணெண்ணெய்யும் தண்ணீரும் சந்திக்கும் அந்த எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். எண்ணெய்யைத் தின்று தண்ணீரில் குடியிருக்கும். இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. ஜெட் விமான எரிபொருளும் மண்ணெண்ணெய் இனம்தான், அதன் டேங்குகளிலும் இதே தொல்லை உண்டு. அதற்குப் பேர்போன பூஞ்சை ஒன்றுக்கு மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர். நம் கரையோர வெக்கையில், அசையாமல் கிடக்கும் டேங்கில், இரண்டு மாதம் அதற்குத் தாராளம். தண்ணீர் இல்லாத டேங்கில் இது பிழைக்காது. ஆகவே பூஞ்சையைக் கொல்ல மருந்து தேடுவதைவிடத் தண்ணீரை வடிப்பது மலிவான வைத்தியம்.

தண்ணீர் வந்த வழி இரண்டு. தார்ப்பாயின் அடியில் டேங்க் கிடந்தபோது காற்றுத் திருகு திறந்தே இருந்திருக்கிறது. மழையும் அலைத் துமியும் அதன் வழியே இறங்கியிருக்கும். இன்னொரு வழி அதைவிட மோசம், அது மண்ணெண்ணெய் சேர்த்து வைக்கும் டிரம். அதை அப்புறம் பார்ப்போம்.

பெட்ரோல் கேன்

மண்ணெண்ணெய்ப் பக்கம் பிடிபட்டாலும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அழவைப்பதற்கு அது விளக்கம் ஆகாது. ஸ்டார்ட் பெட்ரோலில்தானே. அந்தக் கேனைக் கொண்டுவரச் சொல்லி, நன்றாகக் குலுக்கி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. மேல் அடுக்கில், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்காகப் பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலின் நிறம். கீழ் அடுக்கு ஏறக்குறைய நிறமே இல்லாமல், கலங்கலாக.

இங்கேதான் எத்தனால் பேச்சு வருகிறது. இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023-இல் சில பெட்ரோல் பங்க்குகளில் அறிமுகமானது. 2030-க்கு வைத்த இலக்கு முன்கூட்டி 2025-க்கே இழுக்கப்பட்டு, இப்போது சாதாரணப் பெட்ரோல் என்று நாம் போடுவதே அதுதான். எத்தனால் தண்ணீரை விரும்பும். கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீர் வரை தாங்கும். 20 சதவீதம் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பிரியும்போது அடியில் இறங்கும் சரக்கும் கூடுதல். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும், அதாவது எஞ்சினுக்குள் தட்டாமல் எரியும் தரமும், குறைந்துபோகும்.

டூ-ஸ்ட்ரோக்காரர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பிரிந்த பிறகு டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடுதான் தங்கும், கீழே எத்தனால்-தண்ணீர்க் கலவையில் சேராது. உறிஞ்சு குழாயோ கேனின் அடியிலிருந்து இழுக்கிறது. ஆக எஞ்சினுக்குப் போவது ஆயிலே இல்லாத சரக்கு. அதில் பெரும்பாலும் பிடிக்காது, பிடிக்காததுதான் நல்லது. பிடித்துத் தொலைத்து முழு வேகத்தில் ஓடினால் பிஸ்டன் சிலிண்டரைக் கிழித்துவிடும். இவருக்கு அந்தச் சில நிமிடத் திணறலோடு போனது.

மூடிய கேனுக்குள் இருக்கும் பெட்ரோல் வெறும் காற்றின் ஈரத்தைக் குடித்தே சீக்கிரம் பிரிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவதுண்டு. அவ்வளவு வேகமாக நடக்காது. பெரும்பாலும் தண்ணீர் தண்ணீராகவேதான் உள்ளே இறங்கியிருக்கும். இந்தக் கேனின் மூடியில் இருந்த ரப்பர் வாஷர் வெடித்திருந்தது, மேலே கூரைத் தண்ணீர். மேற்கொண்டு துப்பறிய ஒன்றுமில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சின்காரர்களுக்கு இது ஏன் கூடுதல் தொல்லை என்றால், பெட்ரோல் அவர்களுக்குக் கொஞ்சமே செலவாகும். பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர் வாங்கியதை அன்றே தீர்த்துவிடுவார். ஸ்டார்ட்டுக்கு மட்டும் தொடுபவரிடம் ஐந்து லிட்டர் கேன் மாதக் கணக்கில் கிடக்கும். "மொத்தமா வாங்கி வச்சா அலைச்சல் மிச்சம்" என்பது அவர் கணக்கு. இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும், ஒரு லிட்டரோ ஒன்றரை லிட்டரோ, வாங்குங்கள் என்றேன். அலைச்சல்தான், ஆனால் கயிறு இழுக்கும் அலைச்சலைவிடக் குறைவு.

உங்கள் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஒரு வழி உண்டு. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஆயில் கலக்காத பெட்ரோல் 100 மில்லி, தண்ணீர் 10 மில்லி ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அடியில் தங்குவது 10 மில்லியாகவே இருந்தால் எத்தனால் இல்லை. 30 மில்லி பக்கம் வந்தால் 20 சதவீதம். சோதித்த பெட்ரோலை மறுபடி கேனில் ஊற்றிவிடாதீர்கள்.

படகின் பின்புறம் வெளியே மாட்டும் இந்த மாதிரி எஞ்சின்களை, அதாவது அவுட்போர்டுகளைச் செய்யும் கம்பெனிகளின் கையேடுகள் பொதுவாக 10 சதவீத எத்தனால் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. நமக்குக் கிடைப்பது 20. அதற்காக எஞ்சினை ஓட்டாமல் இருக்க முடியாது. தேங்க விடாமல் இருக்கலாம், ரப்பர் சாமான்களை அடிக்கடி பார்க்கலாம், அவ்வளவுதான் நம் கையில் உள்ளது.

கார்பரேட்டர், கடைசியில்

கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் வெள்ளைப் பொடி. அலுமினியக் கலவை அரித்து உண்டானது. சொரசொரப்பாகக் குழிகளும் விழுந்திருந்தன. எண்ணெய்யை அளந்து விடும் நுண்துளை வைத்த பித்தளை ஜெட்டுகளில் பச்சை படிந்திருந்தது. மூன்று தடவை கழுவியும் குழிகள் போகுமா? அவை ஜூன், ஜூலையில் விழுந்தவை.

முன்னே சொன்ன சரியான பழக்கம் இங்கே வருகிறது. தினமும் பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துவது அடுத்த நாள் ஸ்டார்ட்டுக்கு நல்லது. ஜூனில் கடைசி நாளும் இவர் அப்படியேதான் நிறுத்தினார், அப்படியே கழற்றித் திண்ணையில் மாட்டினார். கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் மெல்ல ஆவியாகி, ஆயிலும் பிசினும் ஜெட்டில் ஒட்டிக்கொள்ள, ஈரம் கலந்த எத்தனால் உலோகத்தை அரித்திருக்கிறது. மண்ணெண்ணெய்யே நின்றிருந்தால்கூட இவ்வளவு அரித்திருக்காது. ஆக, மறுநாள் கடலுக்குப் போவதானால் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் இருப்பதானால் கிண்ணத்தில் எதுவுமே நிற்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதியை நம் கரையில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மெயின் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கீறல். கழுவிய யாரோ கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள். பித்தளை மிருதுவானது, இரும்புக் கம்பியால் ஒரு குத்துக் குத்தினால் துளை பெரிதாகும், அப்புறம் எண்ணெய் கூடுதலாகப் போய்ப் பிளக் கருக்கும், புகை தள்ளும். ஜெட்டைக் கார்பரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, இரண்டு பக்கமும் காற்றடித்தால் போதும். அதற்கும் அசையாவிட்டால் புதியது போடுவது உத்தமம். இதற்குப் புதியதுதான் போட்டோம். குறைந்த வேகத்துக்கான ஸ்லோ ஜெட் ஊறலில் திறந்துகொண்டது. நீடில், அதை அசைக்கும் மிதவையான ஃப்ளோட் இரண்டும் நன்றாக இருந்தன. கிளீனர் அடிப்பதற்கு முன் ரப்பர் வளையம், டயாபிரம் எல்லாவற்றையும் எடுத்து ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அந்த மருந்து பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

பம்பைப் பிரித்து டயாபிரத்தை வெளிச்சத்தில் பிடித்தோம். ஓட்டை இல்லை, ஆனால் விறைப்பு வந்திருந்தது. புது டயாபிரம் கொண்ட கிட் கைவசம் இல்லாததால் அதையே மாட்டினோம்.

டியூப் கதை தனி. பல்பிலிருந்து எஞ்சின் வரை இருந்த பழைய ரப்பர் டியூப் என்றோ வெடித்து, அதற்குப் பதில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் டியூபைப் போட்டிருந்தார்கள். எண்ணெய் போவது கண்ணுக்குத் தெரிகிறதே என்று பலருக்கு அதில் ஒரு பிரியம். பெட்ரோல் பட்டால் அது கொஞ்ச நாளில் மஞ்சளாகி விறைத்துவிடும், முனையில் பிடிப்பு விட்டுப்போகும். இதில் கம்பி சுற்றி இறுக்கியிருந்தார்கள், அப்படியும் காற்று புகுந்தது. ஓடும்போது அந்த இடத்தில் உள்ளே இழுப்பு இருப்பதால் வெளியே ஒரு சொட்டும் கசியாது, அதனால் கண்ணில் படாது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பல்பை இறுக அமுக்கிப் பிடித்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். எரிபொருளுக்கென்று செய்த ரப்பர் டியூபும் புதுப் பல்பும் கிளிப்பும் சேர்த்து மாற்றினோம். மொத்த வேலையில் அதிகச் செலவு இதற்குத்தான்.

டேங்கை நல்ல மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி வடித்தோம், தெளிவாக வரும்வரை. மூலையில் ஒட்டிய சளிக்கு நீள பிரஷ். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவலாமா என்று கேட்டார். கழுவலாம், ஆனால் சொட்டு ஈரம் இல்லாமல் காயும்வரை எண்ணெய் ஊற்றக் கூடாது. எந்தத் தண்ணீரை விரட்டுகிறோமோ அதையே திரும்ப உள்ளே விடுவானேன்? இந்த வேலை முழுவதும் ஷெட்டுக்கு வெளியே திறந்த வெளியில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து பத்தடி தள்ளி இருக்கும் பீடி நெருப்பைத் தேடிப் போகும்.

டிரம்

இவ்வளவும் முடிந்தபின் அவருக்கு நான் அழுத்திச் சொன்னது டிரம்மைப் பற்றி. மானிய விலையில் கிடைக்கும் மண்ணெண்ணெய்யை நான்கைந்து வள்ளத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய இரும்பு டிரம்மில் வைத்திருந்தார்கள். வெளியில், நிமிர்ந்து நின்ற டிரம். மழை பெய்தால் அதன் தலையில் விளிம்பு வரை தண்ணீர் தேங்கும். பகலில் வெயிலில் டிரம் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று மூடியின் மரை வழியே வெளியேறும். இரவில் குளிரும்போது அதே வழியே உள்ளிழுக்கும். மூடியின் மேல் தண்ணீர் நின்றால் தண்ணீரை இழுக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். உள்ளே தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும், அடித்தகடு துருப்பிடிக்கும். டேங்கில் நறநறத்த துரு இங்கிருந்து வந்ததுதான். அவருடைய டேங்க் பிளாஸ்டிக்.

பொதுச் சொத்து என்பதால் டிரம்மை உடனே காலி செய்ய முடியவில்லை. விளைவு இரண்டு வாரத்தில் தெரிந்தது. அவருடைய மகன் அவசரத்துக்கு டிரம்மின் அடிமட்டத்திலிருந்து டேங்கை நிரப்ப, மறுநாள் ஃபில்டர் கிண்ணத்தில் நீர்முத்துக்கள் உருண்டன. இந்தத் தடவை அவர் கார்பரேட்டரைத் தொடவில்லை. கிண்ணத்தைப் பார்த்ததுமே டேங்கை வடித்துவிட்டு என்னிடம் சொல்ல வந்தார்.

அதன்பின் மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். டிரம்மைக் கூரைக்குள் கொண்டுவந்து, அடியில் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து வைத்தார்கள். தண்ணீரும் துருவும் தாழ்ந்த மூலைக்குப் போகும். எடுக்கும் குழாயின் நுனி மேடான பக்கத்தில், அடியைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி கட்டினார்கள். அடிச் சரக்கை மாதம் ஒருமுறை தனியாக வாளியில் எடுத்துத் தெளிய வைக்கிறார்கள். டேங்கில் ஊற்ற, தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வலை வைத்த புனல் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். வேட்டித் துணியில் வடிகட்டுவது பழைய வழக்கம். அது துருவைப் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது.

சும்மா கிடக்கும் மாதங்களுக்கு

எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் டியூபைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும். கூலிங் தண்ணீர் ஓடும்படி தண்ணீர் டிரம்மில் வைத்தோ கடலிலோதான். அப்படி நின்றாலும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். வடிகால் திருகைத் திறந்து அதையும் சிந்திவிட வேண்டும். பல்பும் டியூபும் காலியாக இருக்கட்டும். இரண்டு டேங்கையும் வடித்து, உலர்த்தி, திருகை மூடி, வீட்டுக்குள் வையுங்கள். மிஞ்சிய பெட்ரோலை வீட்டிலிருக்கும் பைக்குக்கு ஊற்றித் தீர்த்துவிடலாம். ஆயில் கலந்தது என்றால் அது முடியாது, அதனால் தேவைக்குமேல் கலக்காமல் இருப்பதே நல்லது.

எரிபொருள் கெடாமல் இருக்கப் பாட்டிலில் விற்கும் மருந்துகளைப் பற்றிக் கேட்பார்கள். புதுப் பெட்ரோலில் வாங்கிய அன்றே கலந்தால் அது பிசினாவதைத் தள்ளிப்போடும். பழையதைப் புதிதாக்காது. பிரிந்த பெட்ரோலைச் சேர்த்தும் வைக்காது. நம் ஊர்ச் சூழலில் கிண்ணத்தை வடிப்பது அதற்குப் பதிலாகவே போதும், காசும் ஆகாது.

அக்டோபரில் அந்த எஞ்சினை மறுபடி பார்த்தேன். முழு வேகத்தில் பல்ப் உள்வாங்கவில்லை. காலையில் இரண்டாவது இழுப்பில் பிடிக்கிறது என்றார். ஃபில்டர் கிண்ணத்தை வாரம் ஒருமுறை தானே கழற்றிப் பார்க்கிறார், அடியில் துளி தெரிந்தால் டேங்கை வடிக்கிறார். கார்பரேட்டரில் குழி விழுந்த கிண்ணம் அப்படியேதான் இருக்கிறது, வேலைக்கு இடைஞ்சல் இல்லை. பம்ப் டயாபிரம் கிட் வந்துவிட்டது. அடுத்த தடவை எஞ்சினைக் கழற்றும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று அவரிடமே கொடுத்து வைத்திருக்கிறேன்.